அட்டப்பாடிக்கு 240 ஜப்லா

தை பிறந்த முதல் சனிக்கிழமை. நேரமே 5 மணிக்கெல்லாம் அவிநாசி ரோட்டில் வேன் ஏறிவிட்டோம். பொம்பளைகள் 7 பேர், வேன் ஓட்டுகிற அண்ணன் ஒருத்தர், பின்சீட்டில் 3 அட்டைப்பெட்டிகள். பெட்டிக்குள் 240 ஜப்லா, அதாவது கைக்குழந்தைச் சட்டை, அதோடு 80 குல்லா. என் மடியில் புளிசாதத் தூக்கு.

திருப்பூரில் 14 மிஷின் போட்டு ஜாப் ஒர்க் தைக்கிறேன். ஓவர்லாக், பிளாட்லாக், சிங்கர் எல்லாம் சேர்த்துத்தான் 14. குழந்தைத் துணிதான் எங்களுக்கு வாடிக்கை. வேனில் இருந்தவர்களில் 4 பேர் என்னிடம் தைக்கிறவர்கள், ஒருத்தர் என் நாத்தனார், இன்னொருத்தர் பக்கத்து யூனிட் அக்கா. ஆனைக்கட்டி தாண்டி, கேரளத்து மலைப்பகுதியான அட்டப்பாடிக்குப் போய், அங்கே ஓர் ஊரில் பிறந்த குழந்தைகளுக்குத் துணி கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சைலன்ட் வேலி காட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புவது என்று ஏற்பாடு.

இது எங்களுக்கு இரண்டாவது பயணம். முதல் பயணத்தைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

2 வருசத்துக்கு முன்னால், நாலு பேரிடம் சொல்லி எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் துணி 6 மூட்டை சேர்த்தோம். பனியன், டீ சர்ட், நைட் பேன்ட், கையில்லாத ஃபிராக். பாதி செக்கிங்கில் தள்ளிய பீஸ். சின்ன ஓட்டை, சாயப் புள்ளி, கோணலான கழுத்து. வெளிநாட்டு அளவு வேறு. 4 வயசு என்று லேபிள் இருக்கும், நம் பிள்ளைகள் 7 வயசில்தான் போட முடியும். ஊர் நடுவில் இறக்கி வரிசையில் நிற்க வைத்துக் கொடுத்தோம். போட்டோவும் எடுத்தோம். ஒரு பாட்டி, கொடுத்த ஃபிராக்கை விரித்துப் பார்த்துவிட்டு மடித்துத் திரும்ப என் கையிலேயே வைத்தார். கோபமாக எதுவும் சொல்லவில்லை. "குளிருக்கு இது ஆகாது சாமி" என்றார், அவ்வளவுதான். கிளம்பும்போது பார்த்தேன், ஒரு மூட்டை பிரிக்காமலே திண்ணையில் கிடந்தது.

நம் பக்கம் ஒரம்பரை வீட்டுக்குப் போனால் அந்த வீட்டில் யாருக்கு என்ன பிடிக்கும் என்று யோசித்துத்தான் பை கட்டுவோம். சர்க்கரை வியாதிக்காரர் இருக்கிற வீட்டுக்கு யாரும் மைசூர்பாகு வாங்கிப் போக மாட்டார்கள். அட்டப்பாடிக்குப் போகும்போது மட்டும் அந்தப் புத்தி எனக்கு எங்கே போனது என்று ரொம்ப நாள் மனசு அடித்துக்கொண்டது. மிச்சப்பட்டதைக் கொடுத்தால் அது மிச்சந்தான். அதற்குத் தர்மம் என்று பெயர் வைத்துவிட்டால் ஓட்டை அடைபடாது.

அதனால் இந்தத் தடவை முதலில் அந்த ஊர் அங்கன்வாடி டீச்சருக்குப் போன் போட்டேன். என்ன வேணும் என்று கேட்டேன். அவர் உடனே சொல்லவில்லை. 2 நாள் கழித்து, அம்மாக்களிடம் கேட்டுவிட்டுக் கூப்பிட்டார்.

"பெரிய பிள்ளைகளுக்கு இப்ப வேண்டாங்க்கா. பொறக்கிற குழந்தைக்கு வேணும். முன்னாடி திறக்கிற மாதிரி, தலை வழியா போடுறது வேண்டாம். வெள்ளை வேண்டாம், செம்மண் ஏறினா போகாது. ஒரு குழந்தைக்கு 6 குடுங்க. 2 குடுத்தா மழைக்காலத்துல காயாது, ஈரத்தைத்தான் போடணும். குழந்தைக கொஞ்சம் சிறுசுங்க்கா. உங்க கடை அளவு தொளதொளன்னு இருக்கும்."

குழந்தைகள் சிறுசு என்று அவர் சொன்னதன் பின்னால் பெரிய கதை இருக்கிறது. 2013-ல் அட்டப்பாடியில் கைக்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தது நாடு முழுக்கச் செய்தியானது. தாய்க்குச் சத்துக் குறைவு, ரத்தச் சோகை, எடை குறைவாகப் பிறக்கிற பிள்ளை. அதற்குப் பிறகுதான் ஊர் ஊருக்குச் சமுதாயச் சமையற்கூடம் வந்தது, கேரள அரசின் பெண்கள் அமைப்பான குடும்பஸ்ரீ அங்கே தனித் திட்டமாக வேலை பார்த்தது. பிறக்கும்போது இரண்டரைக் கிலோவுக்குக் கீழே இருந்தால் எடை குறைவு என்பது கணக்கு. அந்தக் குழந்தைக்கு உடம்புச் சூடு சட்டென்று இறங்கிவிடும். அதற்கு மேல் போடுகிற துணி அளவாக இருக்க வேண்டும், தலை மூடியிருக்க வேண்டும்.

எங்கள் பேட்டர்ன் அட்டையில் பிறந்த குழந்தைக்கு மார்பு 20 சென்டிமீட்டர், அதாவது துணியை மட்டமாக வைத்து அளந்தால். அதை 18 ஆக்கினோம். உயரத்தையும் கையையும் அதற்குத் தக்கபடி குறைத்தோம். இன்டர்லாக் துணி 20 கிலோ புதுசாக வாங்கினேன். கருநீலம், பாசிப்பச்சை, அரக்கு என்று 3 கலர். தையல் மடிப்பு உள்ளே வராமல் வெளிப்பக்கம் வருகிற மாதிரி தைத்தோம். பிறந்த குழந்தையின் தோல் வெங்காயத்தோல் மாதிரி, ஓவர்லாக் விளிம்பு உரசினாலே சிவந்துவிடும். டிச் பட்டன் வைக்கவில்லை. இழுத்தால் கழன்று வரும், துருவும் ஏறும். நாடா வைத்து முடிச்சுப் போடுகிற மாதிரி செய்தோம். 3 ஞாயிற்றுக்கிழமை ஆனது. தைத்தவர்கள் யாரும் பீஸ் ரேட் வாங்கவில்லை. நான் கொடுக்கப் போனேன், "இதுக்குமா அக்கா" என்று ஒருத்தி முறைத்தாள், விட்டுவிட்டேன்.

துடியலூரில் காப்பி குடித்துவிட்டு, பன்னிமடை, தடாகம் வழியாக மாங்கரை போகும்போது நன்றாக விடிந்திருந்தது. மாங்கரைக்கு மேலே காடு, யானை நடமாடுகிற வழி. வெளிச்சம் வராமல் அந்த ரோட்டில் ஏற மாட்டேன் என்று வேன் அண்ணன் முன்னமே சொல்லிவிட்டார். மலை ஏறி இறங்கினால் ஆனைக்கட்டி. கொடுங்கரைப் பள்ளத்தின் மேல் ஒரு பாலம், அந்தப் பக்கம் கேரளம். போர்டில் எழுத்து மாறுகிறது, பஸ்ஸின் நிறம் மாறுகிறது. டீக்கடையில் பேசுகிற பேச்சு மட்டும் பாலத்துக்கு இக்கட்டாலும் அக்கட்டாலும் ஒன்றுதான்.

கேரளம் என்றால் தென்னையும் வாழையும் தண்ணீருமாக இருக்கும் என்று நினைத்து வந்த நாத்தனாருக்கு ஏமாற்றம். அட்டப்பாடியின் கிழக்குப் பாதி மழை மறைவுப் பகுதி. மேற்கே மலை மழையை வாங்கிக்கொள்கிறது, இந்தப் பக்கம் காய்ந்து கிடக்கிறது. முள்மரம், பாறை, வெள்ளாடு, சரிவில் துவரைக் காடு. எங்கள் காங்கயம் பக்கத்து மேய்ச்சல் நிலமான கொறங்காட்டைப் பார்த்த மாதிரியே இருந்தது, கிளுவை வேலி ஒன்றுதான் குறை.

அட்டப்பாடியில் இருளர், முடுகர், குறும்பர் என்று 3 பழங்குடி மக்கள். 192 ஊர்கள். அவர்கள் வாழ்கிற குடியிருப்புக்குப் பெயரே 'ஊரு'தான். 1951-ல் அங்கே பத்தில் ஒன்பது பேர் இவர்கள்தான். இன்றைக்குப் பாதிக்கும் கீழே. கேரளத்தின் மற்றப் பகுதிகளிலிருந்து வந்தவர்களும், நம் கோயமுத்தூர்ப் பக்கமிருந்து மலையேறிப் போனவர்களும் நிலம் சேர்த்தார்கள். பறிபோன பழங்குடி நிலத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி 1975-ல் கேரளம் சட்டமே போட்டது. போன நிலம் பெரும்பாலும் போனதுதான். நம் பக்கத்து ஆட்களும் அதில் இருக்கிறார்கள் என்பதால் இதை எழுதுகிறேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போது அது தெரிந்து போக வேண்டும்.

ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. வண்டி கட்டிக்கொண்டு ஆட்கள் அங்கே போய் இறங்குவதில் எனக்கு விருப்பம் இல்லை.

அங்கன்வாடியில் இந்தத் தடவை வரிசை இல்லை, போட்டோ இல்லை. பெட்டிகளை டீச்சரிடம் ஒப்படைத்தோம். அவர் எண்ணி நோட்டில் எழுதிக்கொண்டார். இப்போது கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு 6 வீதம், மிச்சத்தைப் பிரசவம் ஆக ஆக அவரே கொடுப்பார். திண்ணையில் 10, 12 பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் காலத்தில் பேறு பார்த்த ஒரு பாட்டி, அரக்கு நிற ஜப்லா ஒன்றை எடுத்தார். விரித்தார். உள்ளே கை விட்டு, விரலால் ஓரம் முழுக்கத் தடவிக்கொண்டே போனார். தையல் வெளியே இருப்பதைக் கண்டுபிடித்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்துப் பாட்டியின் விரலைப் பிடித்து, அவரையும் தடவிப் பார்க்க வைத்தார். 20 வருசமாகக் குழந்தைத் துணி தைக்கிறேன். துணி வாங்க வருகிற எத்தனையோ பையர்கள் பீஸைப் புரட்டிப் பார்த்திருக்கிறார்கள். அந்த மாதிரி ஒரு பார்வை கிடைத்ததில்லை.

அவர் பேத்திக்கு 23, 24 வயசு இருக்கும். இடுப்பில் 5 மாசக் குழந்தை. அவளும் ஒன்றை எடுத்தாள், கருநீலம். எடுத்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தோள்பட்டை இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஒரு உதறு, அடுத்து கழுத்து, அடுத்து கை, அடுத்து அடிமடிப்பு. செக்கிங் டேபிளில் நின்றவள் கை அது.

"நீ எந்தக் கம்பெனிலம்மா இருந்தே?"

"அனுப்பர்பாளையம் பக்கம்ங்க்கா. செக்கிங்ல 2 வருசம், அப்பறம் டெய்லர்."

நாங்கள் 7 பேரும் சிரித்துவிட்டோம், அத்தனை சந்தோஷம். அவள் சிரிக்கவில்லை. நாடாவை விரலில் சுற்றி லேசாக இழுத்தாள். நாடா கையோடு வந்துவிட்டது.

"அக்கா, இதுல பார்டாக் அடிக்கலீங்க. குழந்தை வாய்ல வெச்சு இழுத்தா தொண்டைக்குள்ள போயிரும்."

அவள் கையில் இருந்த நாடாவைப் பார்த்ததும் எனக்கு உடம்பு குளிர்ந்துவிட்டது. பெட்டியைக் கொட்டிப் பார்த்தோம். அரக்கும் பாசிப்பச்சையும் சரியாக இருந்தன. கருநீலக் கட்டு 80 பீஸிலும் நாடாவை வைத்து ஒரு ஓட்டு ஓட்டியிருந்ததே தவிர, முன்னும் பின்னும் ஓட்டிப் பூட்டுகிற பார்டாக் போடவில்லை. கடைசி ஞாயிற்றுக்கிழமை அவசரத்தில் நான் தைத்த கட்டு அது. செக்கிங்கும் நானேதான் போட்டேன். என்னுடன் வந்த பெண்களுக்கும் அது தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை.

திருப்பி எடுத்துப் போய்ச் சரிசெய்து அனுப்புகிறேன் என்றேன். பேத்திதான், "எதுக்குங்க்கா, ஊசி இருந்தாப் போதும்" என்றாள். டீச்சர் வீட்டிலிருந்தும் பக்கத்து வீடுகளிலிருந்தும் 9 ஊசி, வெள்ளை நூல் 2 கட்டை வந்தது. கருநீலத்தில் வெள்ளை நூல் தெரியும், தெரிந்துவிட்டுப் போகட்டும். 80 பீஸ், பீஸுக்கு 2 நாடா, 160 இடம். மத்தியானம் தொடங்கினோம். அன்றைக்கு மலம்புழா போய் அணையும் யட்சி சிலையும் பார்க்கலாம் என்று ஒரு நினைப்பு இருந்தது, அதை யாரும் மறுபடி எடுக்கவேயில்லை. திண்ணையில் எங்கள் ஊர்ப் பொம்பளைகளும் அந்த ஊர்ப் பொம்பளைகளும் கலந்து உட்கார்ந்து தைத்தோம். பேத்தி ஒவ்வொன்றையும் வாங்கி இழுத்துப் பார்த்துத்தான் பெட்டியில் போட்டாள். என்னுடையது இரண்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

தைக்கும்போதுதான் பேச்சு நடந்தது. போன தடவை வரிசையில் நிற்க வைத்தபோது யார் பேசினார்கள்?

இருள பாஷை காதுக்குத் தமிழுக்கு ரொம்பக் கிட்டத்தில் இருந்தது. கொஞ்சம் நிதானமாகப் பேசினால் முக்கால்வாசி புரிகிறது. ஊருக்கு ஒரு மூப்பன், அவருக்கு உதவியாகக் குறுதலை, கணக்கும் பொதுச் சொத்தும் பார்க்க வண்டாரி, மண்ணைப் பற்றித் தெரிந்த மண்ணூக்காரன் என்று பாட்டி ஒவ்வொருத்தராகச் சொன்னார். விதைப்புக்கு மண்ணூக்காரன்தான் முதலில் விதை போட வேண்டுமாம். ராகி, சாமை, தினை, துவரை, அவரை எல்லாம் ஒரே காட்டில் கலந்து விதைப்பார்கள், ஒன்று கைவிட்டாலும் இன்னொன்று சோறு போடும். அந்த விதைப்பு குறைந்ததும், ரேஷன் அரிசியே சாப்பாடானதும்தான் பிள்ளைகள் இளைத்தார்கள் என்பது பாட்டியின் கட்சி. சாமையும் ராகியும் மறுபடி விதைக்கச் சொல்லி 2017 முதல் அரசே சிறுதானியக் கிராமம் என்று ஒரு திட்டம் நடத்துகிறது.

நஞ்சியம்மா பேச்சு வந்தபோது மட்டும் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஆடு மாடு மேய்த்த இருளப் பெண், அட்டப்பாடிக்காரர், 2020-க்கான தேசியத் திரைப்பட விருதில் சிறந்த பின்னணிப் பாடகி. "எங்க பாஷையில பாடினதுக்குத்தான் குடுத்தாங்க" என்று அந்த 'எங்க'வை அழுத்திச் சொன்னாள் ஒருத்தி.

பேத்தியிடம் ஏன் திருப்பூரை விட்டு வந்தாய் என்று கேட்டேன். ராத்திரி ஷிஃப்ட், ஹாஸ்டலில் 12 பேருக்கு ஒரு ரூம், எந்நேரமும் தலைவலி என்றாள். மாசமாக இருக்கும்போது வந்துவிட்டாளாம். வேறு எதுவும் நான் கேட்கவில்லை. என் யூனிட்டிலும் சீசன் நேரத்தில் ராத்திரி 1 மணி வரைக்கும் மிஷின் ஓடியிருக்கிறது.

பொழுதோட 5 மணிக்கு முடிந்தது. களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டார்கள். நாங்கள் கொண்டுபோன புளிசாதம் பிள்ளைகளுக்குப் போனது. அந்த அவரை ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்திருக்கும், பெயரும் ஆட்டுக்கொம்பு அவரை. அதற்கும் அட்டப்பாடித் துவரைக்கும் 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. துவரை அறுப்பு முடிந்த நேரம், ஆளுக்கு 5 கிலோ காசு கொடுத்து வாங்கினோம். நம் கடைப் பருப்பை விடப் பெரிசு. வேகச் சீக்கிரம், மணமும் எச்சு.

ராத்திரி முக்காலியில் ஒரு விடுதியில் தங்கினோம். அகளி, தாவளம் தாண்டி மேற்கே போகப் போக ஒரே மணி நேரத்தில் நாடே மாறிவிடுகிறது. காலையில் பார்த்த முள்காடு எங்கே, இந்த ஈரம் எங்கே. கம்பளி போதாமல் நாத்தனார் 2 சேலையைச் சுற்றிக்கொண்டு படுத்தாள்.

ஞாயிறு காலையில் முக்காலி வனத்துறை அலுவலகத்தில் சீட்டு வாங்கி, அவர்கள் ஜீப்பில் ஏறினோம். உள்ளே 23 கிலோமீட்டர், கூடவே ஊர்க்காரர் ஒருவர் வழிகாட்டி. சாதாரணக் காட்டில் காதைப் பிளக்கிற சில்வண்டுச் சத்தம் அங்கே கேட்காததால் வெள்ளைக்காரன் வைத்த பெயர் சைலன்ட் வேலி என்று ஒரு கதை. அங்கத்துப் பெயர் சைரந்திரி வனம். சைரந்திரி என்றால் திரௌபதி, ஓடுகிற ஆறு குந்தி.

வழியில் ஜீப்பை நிறுத்தி வழிகாட்டி ஒரு மரத்தைக் காட்டினார். வெடிப்பலா. சின்னச் சின்ன முள்பந்து மாதிரி காய். சிங்கவால் குரங்குக்கு இதுதான் முக்கியச் சாப்பாடு. கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் நின்றோம். உச்சிக் கிளையில் கறுப்பு உடம்பு, முகத்தைச் சுற்றி வெள்ளைப் பிடரி, மடியில் குட்டி ஒன்று. உலகத்திலேயே இந்த மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும்தான் இருக்கிற குரங்கு. குட்டி தாயின் மார்பில் ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்த என் டெய்லர் பெண், "அதுக்கு ஜப்லா வேண்டாமாக்கா" என்று கிசுகிசுத்தாள்.

1970-களில் குந்தி ஆற்றின் குறுக்கே மின்சாரத்துக்கு அணை கட்ட ஏற்பாடு நடந்தது. காடு முங்கிவிடும் என்று கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் அமைப்பு ஊர் ஊராகப் போய்ச் சொன்னது. சுகதகுமாரி மாதிரி கவிஞர்கள் வெளியே வந்தார்கள். அப்போது அது நாடு முழுக்கப் பேசின போராட்டம். கடைசியில் திட்டம் கைவிடப்பட்டு 1984-ல் தேசியப் பூங்கா ஆனது, 1985-ல் ராஜீவ் காந்தி வந்து திறந்து வைத்தார். காவல் கோபுரத்தில் ஏறிப் பார்த்தோம். கண்ணுக்கு எட்டிய மட்டும் பச்சை, இடையில் கோடு மாதிரி குந்தி. அணை வந்திருந்தால் அந்தக் கோடும் அதன் இரண்டு பக்கமும் தண்ணிக்குள்ளே. ஒன்றரைக் கிலோமீட்டர் இறங்கி ஆற்றங்கரைக்கும் போனோம். நின்ற நேரத்தில் யாரும் போனை எடுக்கவில்லை.

எனக்கு இந்தப் பயணத்தில் மனசில் நின்ற இடம் அது இல்லை. திரும்பி வந்து முக்காலியில் பவானி ஆற்றில் கால் வைத்த இடம்தான். நீலகிரியில் பிறந்து கேரளத்துக்குள் இறங்குகிற பவானி இங்கேதான் கிழக்கே திரும்புகிறது. குந்தி மேற்கே போய் அரபிக்கடலைச் சேரும். பவானி அட்டப்பாடி முழுக்க ஓடி, சிறுவாணியையும் சேர்த்துக்கொண்டு, மறுபடி தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, பில்லூர், மேட்டுப்பாளையம், பவானிசாகர், கடைசியில் கூடுதுறையில் காவிரி. கோயமுத்தூர்க்காரர்கள் பெருமையாகச் சொல்கிற சிறுவாணித் தண்ணீரின் அணையும் இந்த மலையில், கேரள மண்ணில்தான் இருக்கிறது. 1973-ல் இரண்டு மாநிலமும் போட்ட ஒப்பந்தத்தின்படி வருகிற தண்ணி அது. திருப்பூரில் என் வீட்டுக் குழாயில் வருவது மேட்டுப்பாளையத்தில் எடுக்கிற பவானித் தண்ணி. முந்தின நாள் அந்தத் திண்ணையில் சொம்பில் குடித்ததும் இதே தண்ணிதான். எங்கள் ஊருக்கு வர 2, 3 நாள் முந்தியது, அவ்வளவே வித்தியாசம்.

தண்ணி அடியில் கல் தெரிந்தது. எங்கள் ஊர் ஆறு நொய்யல். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே அது நாளுக்கொரு நிறத்தில் ஓடியது. சாயத் தண்ணியை ஆற்றில் விட்டோம். 1992-ல் பாசனத்துக்குத் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்குட்டையாகவே ஆனது. கீழே இருந்த விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. சொட்டுக் கழிவு வெளியே விடாமல் சுத்தம் பண்ணினால்தான் ஓட்டலாம் என்று ஆனது. அந்த வருசம் எத்தனை குடும்பம் வேலை இல்லாமல் ஊருக்குத் திரும்பியது என்று எனக்குத் தெரியும், எங்கள் யூனிட்டையும் 4 மாசம் பூட்டி வைத்திருந்தோம். ஆனாலும் அந்த உத்தரவு சரி. மேலே இருக்கிறவர்கள் ஆற்றை இப்படி வைத்திருந்து நமக்கு விடுகிறார்கள். நமக்குக் கீழே இருந்தவர்களுக்கு நாம் என்ன விட்டோம்?

வேன் அண்ணன் ஹாரன் அடிக்கும் வரைக்கும் கரையில் உட்கார்ந்திருந்தேன்.

திரும்பும் வழியில் ஊருக்குள் ஒரு நிமிசம் நிறுத்தினோம். பேத்தி குழந்தைக்குக் கருநீல ஜப்லா போட்டிருந்தாள், வெள்ளைத் தையலோடு. குழந்தைக்கு 5 மாசம், அது பிறந்த குழந்தை அளவு, இழுத்துப் பிடித்து முடிச்சுப் போட்டிருந்தாள். பெரிய அளவு அனுப்புகிறேன் என்றேன்.

"துணியாக் குடுங்க்கா. டீச்சர் வீட்ல மிதி மிஷின் இருக்குது. இன்டர்லாக்தானே, ஓரம் சுருளாது, ஓவர்லாக் இல்லாமயே மடிச்சுத் தைப்பேன். பேட்டர்ன் அட்டை மட்டும் குடுத்து விடுங்க."

அடுத்த வாரமே 12 கிலோ துணி, நாடா, நூல், அட்டை எல்லாம் கட்டி ஆனைக்கட்டி பஸ்ஸில் தாட்டி விட்டேன். தையல் கூலி பேசினோம். முதலில் வேண்டாம் என்றாள், அப்புறம் திருப்பூர் பீஸ் ரேட்டுக்கு ஒத்துக்கொண்டாள். 60 பீஸ் தைத்து அங்கேயே கொடுத்தாகிவிட்டது.

அட்டை மட்டும் நேற்றுத் திரும்பி வந்தது. அக்குள் வளைவில் பென்சிலால் ஒரு புதுக்கோடு போட்டிருந்தாள், என் கோட்டுக்கு அரை சென்டிமீட்டர் கீழே. காரணம் எதுவும் எழுதவில்லை. துணியில் வைத்துப் பார்த்தேன், குழந்தையின் கையை மடக்காமல் நுழைக்கலாம். இன்றைக்குக் காலையில் அந்தக் கோட்டிலேயே வெட்டினேன்.